தாம்பரம் பக்கத்து நாட்காட்டி

(மே 30, சனிக்கிழமை மாலை தாம்பரத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஒரு பிறந்தநாள். பிறந்தநாளுக்கு உரியது ஒரு கல். இங்கிருந்து மூன்றாவது ஸ்டேஷன் பல்லாவரம். அங்கே ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் சரளைக்காக ஒரு குழி வெட்டியிருந்தார்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் அந்தக் குழிக்குள் பார்த்தார், ஒரு கல்லைக் கையில் எடுத்தார். அது 1863ஆம் ஆண்டு மே 30. அப்போது அவருக்கு வயது 28. அந்தக் கல் ஒரு கைக்கோடாரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு ஐயத்துக்கு இடமில்லாமல் கிடைத்த முதல் சாட்சி அதுதான்.

குழியில் எத்தனையோ கல் கிடக்கும். இந்தக் கல்லை மட்டும் அவர் ஏன் எடுத்தார்? அதற்கு நாலு வருஷம் முன்னால், 1859ல், ஐரோப்பாவில் ஒரு பெரிய வழக்கு தீர்ந்திருந்தது. அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு சேர்ந்து பிரான்சில் கிடைத்த கல் ஆயுதங்கள் மனிதன் செய்தவைதான் என்று அறிஞர்கள் அப்போதுதான் ஒப்புக்கொண்டார்கள். அந்தச் செய்தி ஃபூட்டின் மனதில் இருந்தது. கைக்கோடாரி பேரிக்காய் வடிவத்தில் இருக்கும். ஒரு பக்கம் பருத்து உள்ளங்கையில் அடங்கும், மறுபக்கம் குறுகிக் கூர்மையாகும். இன்னொரு கல்லால் தட்டித் தட்டி, இருபுறமும் சில்லுகளைப் பெயர்த்தெடுத்து விளிம்பைக் கூராக்கியிருப்பார்கள். ஆற்றில் உருண்ட கல்லுக்கு இப்படி இரண்டு முகத்திலும் ஒழுங்காகச் சில்லு பெயராது. இந்த வித்தியாசம் கண்ணில் பட்டதுதான் ஃபூட்டின் பெருமை. அதே வருஷம் செப்டம்பரில் அவரும் அதே துறையைச் சேர்ந்த வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்துக்குப் போனார்கள். அங்கே கற்கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. பிற்காலத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அதே அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு செய்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011ல் உலகத்துக்குச் சொன்னார்கள். அந்தக் கதையின் முதல் வரி பல்லாவரத்துச் சரளைக் குழியில் இருக்கிறது.

குழியை வெட்டியது ஃபூட் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மே மாத வெயிலில் கடப்பாரை பிடித்த கூலி ஆட்கள் வெட்டிய குழி அது. அவர்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. பல்லாவரத்தில் என்றைக்காவது ஒரு நினைவுக்கல் நட்டால், ஃபூட்டின் பெயருக்குப் பக்கத்தில் அவர்களுக்கும் ஒரு வரி இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை. 1863 மே 30 என்ன கிழமை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் சனிக்கிழமை வருகிறது. இன்றும் சனிக்கிழமை. இன்றைய பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடும். பழைய மிக்சி, ஒற்றைக் கால் நாற்காலி, ஓடாத கடிகாரம், பூட்டில்லாத சாவி, சாவியில்லாத பூட்டு என்று எல்லாம் கிடைக்கிற சந்தை. ஆக, நம் ஊரின் மிகப் பழைய சாமான் சந்தைக்கு மறுநாள் கிடைத்திருக்கிறது! எனக்கு அந்தச் சந்தை ரொம்பப் பிடிக்கும். ஒரு பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ‘இது எதுக்கு ஆகும்?’ என்று யோசிக்கிற கண்ணை அங்கே நூற்றுக்கணக்கான பேரிடம் பார்க்கலாம். ஃபூட்டிடம் இருந்ததும் அதே கண்தான்.

‘150ஆம் ஆண்டு 2013லேயே வந்து போய்விட்டதே, 163க்கு என்ன விழா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நூறு, நூற்றைம்பது, இருநூறு என்றால் நமக்கு ஒரு நிறைவு வருகிறது. அதற்குக் காரணம் கையில் பத்து விரல் இருப்பதுதான், வரலாறு அந்த எண்ணிக்கைப்படி நடப்பதில்லை. நம் முன்னோர் வேறு விதமாகவும் எண்ணியிருக்கிறார்கள். அறுபது வருஷம் சுற்றி அதே பெயருள்ள ஆண்டு திரும்ப வரும்போது மணிவிழா. ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம். தஞ்சாவூரில் ராஜராஜனுக்கு ஆண்டுதோறும் ஐப்பசி சதயத்தில் விழா எடுக்கிறார்கள். அது நட்சத்திரக் கணக்கு. வட்ட எண் வரட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை, சதயம் வந்தால் விழா வந்தாயிற்று.

பக்கத்தில் குன்றத்தூருக்குப் போங்கள். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர். அவருக்குக் குருபூசை வைகாசிப் பூசத்தில். நாயன்மார் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு மாதமும் நட்சத்திரமும் உண்டு. இது எத்தனையாவது குருபூசை என்று யாரும் கேட்பதில்லை. பாடுவார்கள், அந்த அடியாரின் கதையைச் சொல்வார்கள், பிறகு இலை போட்டுச் சோறு போடுவார்கள். ஆண்டுவிழா என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் நான் காட்டுகிற முன்மாதிரி இதுதான். கதையும் இருக்க வேண்டும், சாப்பாடும் இருக்க வேண்டும், நாலு பேர் சேர்ந்து இருக்க வேண்டும். தேதியின் வேலை அந்த நாலு பேரை ஒரே நாளில் கூட்டி வைப்பது. இந்த வழக்கத்தை நாம் கல்லுக்கும் ரயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏன் விரிக்கக் கூடாது என்பதுதான் இன்று நான் கேட்க வந்த கேள்வி.

தேதி சரியாக இருக்க வேண்டாமா என்றால், இருக்கத்தான் வேண்டும். ஆனால் தேதியைத் தேடுவதே ஒரு விளையாட்டு. சென்னை நாள் என்று ஆகஸ்ட் 22ஐக் கொண்டாடுகிறோம். 1639ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஃபிரான்சிஸ் டேக்கு இந்தக் கடற்கரை நிலத்தைத் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் கொடுத்த நாள் அது. அந்த ஆவணத்தின் தேதி ஜூலை 22 என்று ஒரு தரப்பு. டே இந்தப் பக்கம் வந்ததே ஜூலைக் கடைசியில்தான், ஆகவே ஆகஸ்ட்தான் சரி என்று மறுதரப்பு. நான் மூன்றாவது ஒன்றையும் சேர்க்கிறேன். அன்றைய ஆங்கிலேயர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியைத்தான் வைத்திருந்தார்கள். இப்போது நம் சுவரில் தொங்குகிற நாட்காட்டிக்கு அவர்கள் மாறியது 1752ல். 1639ல் இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். அப்படியானால் அவர்களுடைய ஆகஸ்ட் 22 நம் கணக்கில் செப்டம்பர் 1!

இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள், சந்தோஷம். நம் வீடுகளில் இது புதிதா என்ன? தாத்தாவுக்கு வீட்டில் ஒரு பிறந்தநாள், பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு பிறந்தநாள். ஹெட்மாஸ்டர், பையனின் கையைத் தலைக்கு மேலாக வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொள்வார். அதனால் தாத்தா பிறக்காமல் போய்விடவில்லை. சென்னைக்கும் அப்படித்தான். தமிழ்நாட்டுக்கே நவம்பர் 1, ஜூலை 18 என்று இரண்டு நாள் உண்டு. மொழிவழி மாநிலமாக எல்லை பிரிந்தது 1956 நவம்பர் 1ல். தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சட்டமன்றத்தில் அண்ணா தீர்மானம் நிறைவேற்றியது 1967 ஜூலை 18ல். உடம்பு பிறந்த நாள் ஒன்று, பெயர் சூட்டிய நாள் ஒன்று. இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு பாடம் ஆயிற்று.

சென்னை நாளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதை 2004ல் தொடங்கியவர்கள் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா என்ற மூன்று தனி மனிதர்கள். நடைப்பயணம், விநாடி வினா, வீட்டுக்கூடத்தில் ஒரு பேச்சு, பழைய புகைப்படங்களின் கண்காட்சி என்று ஆரம்பித்தார்கள். நகரம் முழுக்க அதை எடுத்துக்கொண்டது. ஆனால் இந்த விழாவின் வெளிச்சம் கோட்டையிலும் மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் விழுகிற அளவுக்குத் தெற்கே விழுவதில்லை. ‘தாம்பரத்துல என்ன சார் ஹிஸ்டரி? பஸ் ஸ்டாண்டும் மேம்பாலமும்தானே’ என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் அடுத்த கதை.

1802 ஏப்ரல் 10. கணக்குப் பார்த்தால் அதுவும் சனிக்கிழமை. வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி பரங்கிமலைப் பக்கம் ஓர் எஃகுச் சங்கிலியை நீட்டி அளக்கத் தொடங்கினார். சங்கிலியின் நீளம் 100 அடி. போய்ச் சேர வேண்டிய இடம் தெற்கே ஏழரை மைல் தள்ளிப் பெரும்பாக்கம் குன்று. முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்த ஒரு பக்கத்தை மட்டும் தரையில் அளந்துவிட்டால் போதும், அதற்கப்புறம் மலையிலிருந்து மலைக்கு, கோபுரத்திலிருந்து கோபுரத்துக்குக் கோணம் பார்த்தே நாட்டை அளந்துவிடலாம். பரங்கிமலை–பெரும்பாக்கம் கோடுதான் அந்த முதல் பக்கம். அதன்மேல் முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக அடுக்கி, தெற்கே கன்னியாகுமரிக்கும் வடக்கே இமய அடிவாரத்துக்கும் ஐம்பது வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ராதாநாத் சிக்தார் என்ற வங்காளக் கணித மேதை போட்ட கணக்கில் உலகத்தின் மிக உயரமான சிகரம் தெரிய வந்தது. 29,002 அடி என்று 1856ல் அறிவித்தார்கள். எவரெஸ்டின் உயரம் என்ற அந்த எண்ணின் வேரைத் தேடிக்கொண்டே போனால் நம் மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் வந்து நிற்போம்.

அந்தச் சங்கிலிக்கே ஒரு தனிக்கதை உண்டு. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் பிரிட்டிஷ் தூதுக்குழு கொண்டுபோன சாமான்களில் அதுவும் ஒன்று. அவர் வேண்டாம் என்றுவிட்டார். சுற்றிச் சுற்றி அது கல்கத்தாவுக்கு வந்து, லாம்டன் கைக்கு வந்து, பரங்கிமலைக்கு வந்து சேர்ந்தது. கோணம் பார்க்கிற பெரிய தியோடலைட் கருவியின் எடை அரை டன். அதைக் கொண்டுவந்த கப்பலை நடுக்கடலில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரிஷியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிரித்துப் பார்த்தார்கள், இது சண்டைக்கான சாமான் இல்லை, அறிவியல் கருவி என்று தெரிந்தது. உடனே மரியாதைக் கடிதத்தோடு சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். சண்டை நடக்கிற காலத்தில்! எனக்கு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடும்.

ஏழரை மைல் என்றால் கிட்டத்தட்ட 40,000 அடி. நூறடிச் சங்கிலியை 400 முறை வைக்க வேண்டும். பங்குனி முடிகிற நேரத்தில் ஆரம்பித்துச் சித்திரை வெயிலில் நடந்த வேலை. எஃகு சூட்டில் நீளும். பத்து டிகிரி சூடு கூடினால் நூறடிச் சங்கிலி ஓர் அங்குலத்தில் ஏழில் ஒரு பங்கு நீளும். கேட்பதற்கு ஒன்றுமில்லை போலிருக்கிறது. ஆனால் 400 முறை அதே பிழை சேர்ந்தால் நாலரை அடிக்கு மேல் போய்விடும். அதனால் சங்கிலியை வெறும் தரையில் போடவில்லை. மரத் தொட்டிகளில் வைத்து, கால்கள் நட்டு மட்டம் பார்த்து, மேலே கூடாரம் போட்டு நிழல் செய்து, வெப்பமானியைப் பக்கத்தில் வைத்துச் சூட்டைக் குறித்துக்கொண்டு, பிறகு கணக்கில் திருத்தினார்கள்.

இதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? ஒரு தடவை நூறடி நைலான் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்து மைதானத்துக்குப் போனோம். இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு கோல் கம்பத்திலிருந்து எதிர்ப்பக்கச் சுவர் வரை அளக்கச் சொன்னேன். இரண்டு குழுவும் இரண்டு விடையோடு வந்தார்கள். ‘சார், அவன் இழுத்துப் பிடிக்கிறான்!’ ‘சார், அவங்க வளைஞ்சு போறாங்க!’ ‘முடிச்சுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா சார்?’ அரை மணி நேரம் சண்டை. கடைசியில் ஒரு சின்னப் பெண், கயிற்றின் முனையில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் எல்லோரும் ஒரே மாதிரி இழுத்த மாதிரி ஆகிவிடுமே என்றாள். எடை கட்டிச் சங்கிலியை ஒரே இழுவையில் வைத்திருப்பது அந்தக் கால நில அளவைக்காரர்களின் முறையேதான்! மேடை போட்டு லாம்டனின் பெருமையை ஒரு மணி நேரம் பேசியிருந்தால் அந்தச் செங்கல் யாருக்கும் கிடைத்திருக்காது. விளையாட்டு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

‘கம்பெனிக்காரன் வரி போடவும் படை நடத்தவும் அளந்தான், அதற்கு நாம் விழா எடுப்பதா?’ என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கோபம் சரியானது. திப்பு சுல்தான் 1799ல் வீழ்ந்த பிறகு கைக்கு வந்த நாட்டை அளக்க வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் இந்த வேலை பிறந்தது. ஸ்ரீரங்கப்பட்டணச் சண்டையில் லாம்டனும் இருந்தவர். இதை மறைத்துவிட்டுக் கொண்டாடக் கூடாது. ஆனால் அந்த நாளை விட்டுவிட்டால், தொட்டியையும் முக்காலியையும் தூக்கி நடந்த நம் மக்களையும் சேர்த்தல்லவா விட்டுவிடுகிறோம்? கொடி பிடித்துக் குன்றின்மேல் நின்றவர், கருவியைத் தோளில் சுமந்தவர், முள்ளை வெட்டி வழி செய்தவர், காய்ச்சலில் செத்தவர் எல்லோரும் இந்த மண்ணின் ஆட்கள். ஏப்ரல் 10 என்று ஒரு நாள் இருந்தால் அவர்களைப் பற்றிப் பேச ஒரு சந்தர்ப்பம் வரும்.

ரயிலுக்கு வருகிறேன். தாம்பரத்துக்காரர்களிடம் ரயிலைப் பற்றிப் பேசாமல் போனால் விடுவீர்களா? மெட்ராஸ் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில். தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்டது, மீட்டர் கேஜ். ஆளுநர் ஸ்டான்லி தொடங்கி வைத்தது 1931 ஏப்ரல் 2. பொதுமக்கள் ஏறியது மே 11. இங்கேயும் இரண்டு பிறந்தநாள்! அந்த இரண்டு நாளுக்கும் நடுவே சித்திரை முதல் நாள் வந்து போனது. ஆக, ஆளுநர் கொடி அசைத்தது பிரமோதூத வருஷத்தில், ஜனங்கள் டிக்கெட் எடுத்தது பிரசோற்பத்தி வருஷத்தில். இரண்டில் எதைக் கொண்டாடுவது என்றால் நான் மே 11 பக்கம். ரயில் ஓட ஆரம்பித்தது ஜனங்கள் ஏறிய அன்றைக்குத்தான்.

இந்த ரயில் நம் ஊர்களைப் பெற்றெடுத்தது என்றே சொல்லலாம். காலை வேலைக்குப் போய் ராத்திரி வீடு திரும்பலாம் என்றானபோதுதான் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் மனைகள் எழுந்தன. ‘யூனிட்’ என்று நாம் கூப்பிட்ட அந்த மீட்டர் கேஜ் வண்டி 2004ல் நின்றது. அதில் சீட்டு விளையாடிக்கொண்டே ஆபீஸ் போனவர்கள், பூக்கட்டிக்கொண்டே வந்தவர்கள், பரீட்சைக்குப் படித்தவர்கள், ஒரே பெட்டியில் வருஷக்கணக்காகப் பயணம் செய்து சம்பந்தியானவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். அந்தக் கதைகளை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? ரயில்வேயின் கோப்பில் வோல்டேஜ் இருக்கும், சம்பந்தி இருக்க மாட்டார்.

தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷனின் பெயர் ஓர் ஆஸ்பத்திரியின் பெயர். தாம்பரம் சானடோரியம். தினம் உச்சரிக்கிறோம். டாக்டர் சவுரி முத்து 1928ல் தொடங்கிய காசநோய் நிலையம் அது. அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் சிகிச்சை. தாம்பரத்துக் காட்டுக் காற்றை நம்பி இங்கே வந்தார்கள். இதே டாக்டர் 1914ல் கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்துக்குப் போன ‘நெவாசா’ கப்பலில் உடன் பயணம் செய்தவர். பிறகு ராமானுஜன் அங்கே நோய்வாய்ப்பட்டபோது, மெண்டிப் மலைப்பக்கம் இவர் நடத்திய சானடோரியத்திலும் சிகிச்சைக்காகத் தங்கியிருக்கிறார். நம் ஸ்டேஷன் பலகைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது! 1937ல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட அந்த ஆஸ்பத்திரி, பிற்காலத்தில் மற்றவர்கள் தொடத் தயங்கிய எச்.ஐ.வி. நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு, அந்தச் சிகிச்சையில் நாட்டிலேயே பெரிய மையங்களில் ஒன்றாக வளர்ந்தது. இன்னும் இரண்டு வருஷத்தில், 2028ல், அதற்கு நூறு. அங்கே வேலை செய்து ஓய்வு பெற்ற நர்சுகளும் வார்டு ஊழியர்களும் இந்தப் பக்கத்துத் தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லிக் கேட்பதைவிட அந்த நூற்றாண்டுக்குப் பெரிய விழா எனக்குத் தெரியவில்லை.

எல்லா நாளிலும் சிரிக்க முடியாது. 2015 டிசம்பர் 1. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு ஓடியது. உயிர் போன வீடுகள் உண்டு. சில வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற உயரத்தைக் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறார்கள், வெள்ளையடிக்கும்போதும் அந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை அது எந்தச் சிலைக்கும் குறைந்ததில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தெருவில், அன்று ஒரே மொட்டைமாடியில் ராத்திரியைக் கழித்த குடும்பங்கள் ஆண்டுதோறும் அதே மாடியில் கூடுகிறார்கள். அன்று எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டது ஒரு பொட்டலம் ரஸ்க்கும் கொஞ்சம் ஊறுகாயும். அதனால் விருந்தில் முதலில் வைப்பது ரஸ்க்கும் ஊறுகாயும். அப்போது அண்டாவில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்த குழந்தை இப்போது பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. ‘அண்டா கேப்டன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவனும் சலாம் வைக்கிறான். அந்த மாடியில் நானும் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்பு அவர்களுக்குச் சொந்தமானது. தண்ணீரில் நின்றவர்கள் தொடங்கி வைத்தால் நாமும் சேர்ந்துகொள்ளலாம், வெளியிலிருந்து போய் நாம் தொடங்கக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாடு போதும்.

வரப்போகிற வருஷங்களைப் பாருங்கள். 2028ல் சானடோரியத்துக்கு நூறு. 2031ல் மின்சார ரயிலுக்கு நூறு. 2037ல் சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்கு இருநூறு, அது ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரம் வந்தும் நூறு. சேலையூர்ப் பக்கத்துக் காப்புக்காட்டில் 365 ஏக்கரில் அமைந்த அந்த வளாகத்தைக் கட்டடங்களுக்காக மட்டும் நினைக்காதீர்கள். சுற்றிலும் ஊர் முழுக்கச் சிமென்ட் ஆனபோதும் அந்தக் காடு பிழைத்திருக்கிறது, மான்கள் இருக்கின்றன. கல்லூரி விழாவுக்குப் பதினோரு வருஷம் இருக்கிறது, அவசரமில்லை.

ரயிலுக்கு இப்போதே வேலை தொடங்க வேண்டும். என் யோசனையைச் சொல்கிறேன். 2031 மே 11 ஞாயிற்றுக்கிழமை. யாரும் லீவு போட வேண்டியதில்லை, பள்ளிக்கூடமும் விடுமுறை. காலையில் தாம்பரத்தில் ஏறி பீச் வரை போய்த் திரும்புவோம். வழக்கமான வண்டி, வழக்கமான டிக்கெட். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அந்த ஊர்க்காரர் ஒருவர் ஏறி, அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் தன் ஊரின் ஒரு கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். சில இடங்களில் இரண்டு மூன்று நிமிஷம்தான் கிடைக்கும், ஆகவே சுருக்கிப் பேசத் தெரிந்தவர்கள் வேண்டும். பழைய சீசன் டிக்கெட், புகைப்படம், யூனிட்டில் கிடைத்த கல்யாணம், எது இருந்தாலும் கொண்டு வரலாம். பிள்ளைகள் இன்றைக்கே ஆளுக்கொரு நோட்டு வாங்கி, வீட்டில் இருக்கிற தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுத ஆரம்பியுங்கள். ஐந்து வருஷம் கழித்துக் கேட்க அவர்கள் எல்லோரும் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

பெயர் கொடுக்கிற தாள் வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் ஆள் கிடைத்துவிட்டார்கள். மீனம்பாக்கத்துக்கும் கோடம்பாக்கத்துக்கும் இன்னும் யாரும் இல்லை. உங்களுக்கு அங்கே உறவுக்காரர்கள் இருந்தால் சொல்லுங்கள்.